வளர வளரச் சரியாகுமா?

என் வலது கையை உள்ளங்கை முன்னால் தெரிய நீட்டினால், முழங்கைக்குக் கீழே அது உடம்பை நோக்கிக் கோணித் திரும்பும். ஏழு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்ததன் மிச்சம் அது. பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்போது எலும்பு டாக்டர் கிடையாது. கட்டுப் போடுகிறவர் ஒருவர் இருந்தார். உளுந்து மாவை முட்டையின் வெள்ளைக்கருவில் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்து, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினார். மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது கை கோணியிருந்தது. ஆயா அந்தக் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "சின்னப் புள்ள எலும்புதான? வளர வளர சரியாப் போயிடும்" என்றாள்.

இரண்டு வருடம் கழித்து அதே மரத்திலிருந்து என் தம்பி விழுந்தான். அவனுக்கு ஆறு வயது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே உடைந்தது. அதே ஆள், அதே உளுந்து மாவு, அதே மூங்கில் பத்தை. அவன் கையும் கோணலாகத்தான் சேர்ந்தது. பக்கவாட்டில் பார்த்தால் கரண்டிக் காம்பு போல வளைந்திருக்கும். ஆயா அவனுக்கும் அதையே சொன்னாள்.

இரண்டு தீபாவளி போவதற்குள் அவன் கை தானாக நேராகிவிட்டது. உடைந்த இடம் எது என்று இன்று அவனுக்கே தெரியாது. எனக்கு நாற்பது ஆகிறது. என் கை அப்படியேதான் இருக்கிறது.

ஒரே மரம், ஒரே கட்டு, ஒரே வாக்கு. தம்பிக்குப் பலித்தது எனக்கு ஏன் பலிக்கவில்லை என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வெகுகாலம் ஆனது. கேட்க வைத்தவள் அக்காவின் இரண்டாவது மகள். அவள் பிறந்தபோது இரண்டு பாதங்களும் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் மேலே பார்த்தபடி இருந்தன. எண்பதைத் தாண்டியிருந்த ஆயா பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டு முதலில் சொன்னதும் அந்த வார்த்தைதான்.

பிள்ளை இருக்கிற வீடுகளில் பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும் ஆறுதல் இது. பல நேரம் முழு உண்மை. சில நேரம் இதை நம்பிக் காத்திருந்ததாலேயே ஒரு குழந்தையின் கால் வீணாகிறது. எது எந்த நேரம் என்பதைப் பெற்றவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

எலும்புக்கும் குருத்து உண்டு

புளியமரத்தில் ஆள் உயரத்தில் ஓர் ஆணி அடித்தால், மரம் எவ்வளவு உயர்ந்தாலும் ஆணி அதே உயரத்தில்தான் நிற்கும். மரம் நுனியில் வளர்கிறது, நடுவில் நீள்வதில்லை. எலும்பும் அப்படித்தானா என்று சோதித்துப் பார்த்தவர் ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். செடிகளின் வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தவர், ஒரு கோழிக்குஞ்சின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு துளைகள் போட்டார். இரண்டு மாதத்தில் எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது. துளைகளின் இடைவெளி அதே அரை அங்குலம். 1727இல் வெளியான அவருடைய தாவரவியல் நூலில் இது இருக்கிறது. நீளம் முழுவதும் எலும்பின் முனைகளில்தான் கூடுகிறது.

அடுத்த துப்பு ஒரு சாயப் பட்டறைக்காரர் வீட்டு விருந்தில் கிடைத்தது. 1736இல் லண்டனில் ஜான் பெல்ச்சியர் என்ற அறுவை மருத்துவர், துணிக்கு அச்சிடும் தொழில் செய்த ஒருவர் வீட்டில் பன்றிக்கறி சாப்பிட்டார். எலும்பெல்லாம் சிவப்பு. மஞ்சிட்டி வேரில் காய்ச்சிய சாயத்தொட்டியில் போட்டெடுத்த தவிட்டை அந்தப் பன்றிகள் தின்றிருந்தன. மஞ்சிட்டியின் சிவப்பு, புதிதாக உருவாகும் எலும்பில் மட்டும் ஏறும். பிறகு வந்தவர்கள் பிராணிகளுக்கு மஞ்சிட்டியை விட்டு விட்டுக் கொடுத்து, எலும்பு எங்கெங்கே வளர்கிறது என்று நிறத்தைக் கொண்டே படித்தார்கள். நம் சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் சிவப்பேற்றிய சாயவேரும் மஞ்சிட்டியின் குடும்பம்தான் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இன்றைக்கு எக்ஸ்ரே படத்தில் அந்த இடம் கண்ணுக்கே தெரிகிறது. குழந்தையின் கை, கால் எலும்பின் முனைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். முறிவு என்று நினைத்துப் பெற்றவர்கள் பதறுவதும் உண்டு. அது குருத்தெலும்பாலான ஒரு மெல்லிய தட்டு. வளர்ச்சித் தட்டு என்பார்கள். அதற்குள் செல்கள் அடுக்கி வைத்த காசுகள் போல வரிசை வரிசையாக நிற்கும். ஒரு பக்கம் புதிய செல்கள் பிறக்க, மறுபக்கம் பழையவை சுண்ணாம்பு ஏறி எலும்பாகும். பெண்பிள்ளைகளுக்குச் சுமார் 14 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்குச் சுமார் 16 வயதிலும் பெரும்பாலான தட்டுகள் மூடிக்கொள்ளும். கோடு மறைந்துவிட்டால் உயரம் கூடுவதும் நின்றது என்று பொருள். வாழைக்கும் பனைக்கும் சொல்லும் 'குருத்து' என்ற வார்த்தையை நம் மொழி இந்த எலும்புக்கும் கொடுத்திருக்கிறது. அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

எல்லாக் குருத்தும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. காலின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முழங்காலைச் சுற்றி மட்டும் வளர்கிறது. தொடை எலும்பின் கீழ்முனை வருடத்துக்குச் சுமார் 9 மில்லிமீட்டர், முழங்காலுக்குக் கீழே சுமார் 6 மில்லிமீட்டர். கையில் கதை நேர் எதிர். மேற்கை எலும்பின் வளர்ச்சியில் 80 சதவீதம் தோள்பட்டை முனையில் நடக்கிறது, முழங்கை முனையில் மிச்சம் 20 மட்டுமே. முன்கை எலும்புகளில் மணிக்கட்டுப் பக்கம்தான் வேகம்.

என் கைக்கும் தம்பி கைக்கும் இருந்த வித்தியாசம் இதுதான். அவனுக்கு முறிந்தது மணிக்கட்டின் அருகே, வேகமாக வளரும் குருத்தின் பக்கத்தில். மணிக்கட்டு மடங்கி நிமிரும் திசையிலேயே அவன் எலும்பு வளைந்திருந்தது. அந்தத் திசைக் கோணலைக் குழந்தையின் எலும்பு தானே சீவிச் சீராக்கிக்கொள்ளும். எனக்கு முறிந்தது முழங்கைக்கு மேலே, சோம்பலான குருத்தின் அருகே. கோணியதும் பக்கவாட்டில். பக்கவாட்டுக் கோணலும் திருகலும் வளர்ச்சியால் சரியாவது அபூர்வம். ஆயாவின் வாக்கு பலிப்பதும் பலிக்காததும் எலும்பு எந்த இடத்தில் முறிந்தது, எந்தத் திசையில் வளைந்தது, குழந்தைக்கு இன்னும் எத்தனை வருட வளர்ச்சி மிச்சம் என்ற மூன்றில் அடங்கியிருந்தது.

ஆனாலும் எனக்கு விரல்கள் பத்தும் அசைகின்றன. எனக்கு வந்த முறிவு ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஊஞ்சலிலிருந்தும் மாடிப்படியிலிருந்தும் விழும்போது வருகிற மிகச் சாதாரணமான முறிவு. முழங்கை மூட்டின் முன்னாலேயே கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. வீங்கும் கையை இறுக்கிக் கட்டினால் உள்ளே அழுத்தம் ஏறி, முன்கைத் தசைக்கு ரத்தம் நின்றுபோகும். தசை ஆறு மணி நேரத்துக்கு மேல் அதைத் தாங்காது. பிறகு விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கி இறுகிவிடும். ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் வோல்க்மன் 1881இலேயே இதை எழுதிவைத்தார். கட்டுப் போட்டவர் நாட்டு வைத்தியரா டாக்டரா என்பதெல்லாம் தசைக்குத் தெரியாது. கட்டுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், விரலை நாம் மெல்ல நிமிர்த்தும்போது பிள்ளை அலறினால், விரல் நுனி வெளுத்தோ மரத்தோ போனால், விடியட்டும் என்று இருக்கவே கூடாது. கட்டை உடனே தளர்த்தி, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, சுளுக்கு. பெரியவர்களுக்குக் கால் பிசகினால் மூட்டைப் பிணைக்கும் தசைநார் கிழியும். குழந்தையின் தசைநாரைவிடக் குருத்துத் தட்டு பலவீனமானது என்பதால், அதே பிசகலில் தட்டுதான் விலகும். வெளியே பார்க்க வீக்கம் ஒன்றுதான். அதைச் சுளுக்கு என்று எண்ணெய் விட்டு உருவினால் என்ன ஆகும்? டொரான்டோவின் ராபர்ட் சால்ட்டரும் ஹாரிஸும் 1963இல் இந்தத் தட்டு முறிவுகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். அதில் ஐந்தாவது வகை, தட்டு நசுங்குவது. விழுந்த அன்று எடுக்கும் படத்தில் அது தெரியவே தெரியாது. ஓராண்டு, இரண்டாண்டு கழித்து ஒரு கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரும்போதுதான் தெரியும். வளர்ச்சியே அங்கே நோயாக மாறிவிடுகிறது. மூட்டருகே அடிபட்ட குழந்தையை வீக்கம் வடிந்த பிறகும் ஒரு வருடத்துக்கு அவ்வப்போது காட்டச் சொல்வது இதனால்தான்.

கடிகாரக்காரர் மகன்

அக்காவின் பிரசவத்துக்கு வருவோம். உள்பக்கம் மடங்கிய அந்தப் பாதத்துக்கு வளைபாதம் என்று பெயர். பிள்ளைக்கு அது என்றதும் வீட்டில் முதலில் எழுந்த கேள்வி, "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா?" என்பதுதான். அக்கா அதற்குப் பதில் சொல்லவில்லை, அழுதாள். ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு இப்படிப் பிறக்கின்றன. ஆண் குழந்தைகள் இரண்டு மடங்கு. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரண்டு பாதமும். காரணம் முழுதாகத் துலங்கவில்லை, மரபணுவுக்குப் பங்குண்டு. கிரகணத்துக்கோ தாய் நடந்தது, நறுக்கியது, சாப்பிட்டது எதற்குமோ பங்கில்லை. தாய்மார்கள் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காமலே வருடக்கணக்கில் குற்றவுணர்வோடு இருந்துவிடுகிறார்கள்.

பிரசவம் பார்த்த நர்சம்மாதான் அக்காவைக் காப்பாற்றினார். "இது தானா சரியாகாதும்மா. ஆனா கண்டிப்பா சரி பண்ணிடலாம். வர்ற வாரமே போ" என்று சேலத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியச் சிறார் நலத் திட்டம், பிறந்ததிலிருந்து 18 வயது வரை தேடிப் பார்க்கச் சொல்லும் குறைகளின் பட்டியலில் வளைபாதமும் இடுப்பு மூட்டு விலகலும் இருக்கின்றன. பட்டியலில் இருப்பது ஒரு விஷயம். பிரசவ அறையில் நிற்கிறவர் காலைப் பிடித்துப் பார்த்துச் சொல்வது வேறு விஷயம். எங்கள் வீட்டுக்கு இரண்டும் வாய்த்தன.

சேலத்தில் நடந்தது, பார்ப்பதற்கு மிக எளியது. டாக்டர் பாதத்தைக் கையில் ஏந்தி, ஒரு கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, கொஞ்சமாய் வெளிப்பக்கம் திருப்பி, அந்த நிலையிலேயே கால்விரலிலிருந்து தொடை வரை மாவுக்கட்டுப் போட்டார். ஒரு வாரம். பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டு. ஐந்தாறு கட்டில் பாதம் வெளிப்பக்கம் பார்க்கத் தொடங்கியது. குதிகால் மட்டும் இறங்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, குதிகால் தசைநாணைச் சிறு கீறலில் அறுத்துவிட்டார்கள். மூன்று வாரக் கட்டுக்குள் அது நீளமாக வளர்ந்து சேர்ந்துகொண்டது. தையல்கூட இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர் இக்னாசியோ போன்செட்டி. ஸ்பெயினின் மெனோர்கா தீவில் 1914இல் பிறந்த கடிகாரக்காரர் மகன். சிறுவயதில் அப்பாவோடு உட்கார்ந்து கடிகாரம் பழுது பார்த்தவர். உள்நாட்டுப் போரில் குடியரசுப் படையின் மருத்துவராக இருந்து, தோற்றபின் பிரான்ஸுக்கும் அங்கிருந்து மெக்சிகோவுக்கும் போய், 1941இல் அமெரிக்காவின் அயோவாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே வளைபாதத்தைக் கத்தியால் திறந்து நிமிர்த்திய பழைய நோயாளிகளைத் தேடிப் பார்த்தார். பார்வைக்கு நேரான பாதங்கள், ஆனால் மரக்கட்டையாய் இறுகி வலித்தன. பச்சைக்குழந்தையின் தசைநார்கள் நுண்ணோக்கியில் கசங்கிய நூல்போல் நெளிந்திருப்பதையும், பொறுமையாக இழுத்தால் அவை நீள்வதையும் அவர் கண்டார். வெட்ட வேண்டியதில்லை, பழக்கினால் போதும். 1963இல் தன் முடிவுகளை வெளியிட்டார். ஏறக்குறைய முப்பது வருடம் உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. அறுவை சிகிச்சைதான் பெரிய வைத்தியம் என்ற மதிப்பு அப்படி. 1990களில் அவர் கையால் குணமான பிள்ளைகளின் பெற்றோர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, டாக்டர்களைக் கேள்வி கேட்ட பிறகே முறை பரவியது. 2009இல் 95 வயதில் இறக்கும் காலம் வரையிலும் அவர் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பஞ்சு, மாவுத்துணி, தண்ணீர், பழகிய கை. செலவென்று பார்த்தால் இவ்வளவுதான். கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. கைக்குழந்தையோடு பென்னாகரத்திலிருந்து தர்மபுரி, தர்மபுரியிலிருந்து சேலம் என்று இரண்டு பஸ். ஒவ்வொரு வாரமும் மாமாவுக்கு ஒரு நாள் கூலி போகும். கட்டு நனையக் கூடாதென்று குளிப்பாட்டாமல் துடைத்துவிட வேண்டும். விரல் நுனி சிவப்பாக இருக்கிறதா என்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கட்டு முடிந்தபின் வருவது ஷூ. இரண்டு பூட்ஸையும் ஒரு கம்பி இணைத்திருக்கும். மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு தூங்கும்போதெல்லாம், நான்கு வயதுவரை. இங்கேதான் பல வீடுகள் தோற்கின்றன. பாதம் அழகாகிவிட்டது, பிள்ளை ஓடுகிறது, ஷூவைப் போட்டால் அழுகிறது, பாவம் என்று கழற்றி வைத்துவிடுவார்கள். வளைபாதம் திரும்புவதற்கு முதல் காரணம் இதுதான். அக்கா வீட்டிலும் கழற்றச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அக்கா அசையவில்லை.

குழவியும் ஆட்டுக்கல்லும்

வளைபாதமாவது கண்ணுக்குத் தெரியும். இடுப்பு மூட்டு விலகல் தெரியாது, வலிக்கவும் வலிக்காது. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பின் குழியில் உட்கார்ந்திருப்பதை, ஆட்டுக்கல்லில் குழவி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குழவி சுற்றச் சுற்றக் கல்லின் குழி ஆழமாவதுபோல, குழந்தையின் இடுப்புக் குழியும் தலை அதில் உட்கார்ந்து அசைவதால்தான் வடிவம் பெறுகிறது. தலை வெளியே நின்றுவிட்டால் குழி ஆழமாகாமல் தட்டையாகவே வளரும். நடக்கத் தொடங்கியபின் பிள்ளை ஒருபக்கம் சாய்ந்து தாங்கித் தாங்கி நடக்கும்போதுதான் வீட்டார் கவனிப்பார்கள். அதற்குள் எளிய வைத்தியத்துக்கான காலம் போயிருக்கும்.

பெண் குழந்தை, தலைச்சன், வயிற்றில் கால் கீழாக இருந்த குழந்தை, குடும்பத்தில் யாருக்காவது இருந்த குழந்தை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். இத்தாலியக் குழந்தை மருத்துவர் ஓர்ட்டோலானி 1930களில் சொல்லிக்கொடுத்த சோதனை ஒரு நிமிட வேலை. தொடைகளை மடக்கி மெல்ல விரிக்கும்போது, விலகிய தலை குழிக்குள் இறங்குவது கைக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் நான்கு முதல் ஆறு வாரத்தில் ஒரு ஸ்கேன். ஆரம்பத்திலேயே தெரிந்தால், தொடையை விரித்து வைக்கும் ஒரு துணிவார் போதும், கத்தி வேண்டாம்.

குழந்தையின் கால்களை நேராக நீட்டித் துணியால் இறுக்கிச் சுற்றுவது இந்த மூட்டுக்குக் கெடுதல். ஜப்பானில் 1970களின் நடுவில் அப்படிச் சுற்ற வேண்டாம் என்று நாடெங்கும் சொல்லிக்கொடுத்தபின் இந்தக் குறை வெகுவாகக் குறைந்தது. நம் வீடுகளில் பிள்ளையை இடுப்பில் உட்கார வைத்து, அதன் இரண்டு கால்களும் நம் உடம்பை அணைத்து விரிந்திருக்கத் தூக்கிக்கொண்டு திரிகிறோமே, அது இந்த மூட்டுக்கு வாய்த்த நல்ல வழக்கம். விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்கிறேன். மூன்று சக்கரம் வைத்த மர நடைவண்டியைப் பிள்ளை தன் காலில் நின்று தள்ளியது. இப்போது வீடெங்கும் இருக்கும் வாக்கரில் பிள்ளை உட்கார்ந்து, நுனிக்காலால் உந்துகிறது. அது நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை, தள்ளிப்போடுகிறது. படிக்கட்டில் உருண்டு அடிபட்ட குழந்தைகளைப் பார்த்துக் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது.

எங்கள் ஊர்த் தண்ணீர்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகளைப் பல்லை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம் என்பார்கள். மஞ்சளும் பழுப்பும் வரிவரியாக ஓடும் பற்கள். எங்கள் வகுப்பில் போட்டோ எடுத்த அன்று ஒருவரும் வாய் திறந்து சிரிக்கவில்லை. பாறைக்குள்ளிருந்து போர்வெல் தண்ணீரில் இறங்கும் ஃப்ளோரைடு செய்த வேலை அது. பல் வெளியே தெரிவது. அதே ஃப்ளோரைடு எலும்பிலும் ஏறிக்கொண்டிருக்கும்.

இந்தியாவில் எலும்பைத் தாக்கும் ஃப்ளோரோசிஸ் முதன்முதலில் மருத்துவ இதழில் பதிவானது பழைய சென்னை மாகாணத்திலிருந்துதான், 1937இல், நெல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து. 1973இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும் ஆந்திர கிராமங்களில் இன்னொன்றைக் கண்டு எழுதினார்கள். இளம்பிள்ளைகளின் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்படி கால்கள் கோணி வளர்ந்தன. கால்சியம் குறைவாகச் சாப்பிடும் பிள்ளைகளை ஃப்ளோரைடு கூடுதலாக முறிக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5வரை என்பது இந்தியத் தர அளவு. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி ஏறும்.

ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டு, காவிரித் தண்ணீர் எங்கள் பக்கத்துக் குழாய்களுக்கு வந்தது. பல் முளைக்கும் முன்பிருந்தே அந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் வாய் திறந்தால் தெரியும். குழாயில் தண்ணீர் வராத நாளில் மக்கள் மறுபடி போர்வெல்லுக்குத்தான் போகிறார்கள். அந்த நாட்களை எண்ணிக் குறைப்பது குழந்தை வைத்தியம்தான் என்று நான் நினைக்கிறேன். வளர வளரச் சரியாகாதது மட்டுமல்ல, வளர வளரச் சேர்ந்துகொண்டே போகும் கோணல் அது.

பிறக்கும்போதே எல்லாக் குழந்தைக்கும் கால் வில்லாகத்தான் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றரை, இரண்டு வயதில் நேராகும். மூன்று, நான்கு வயதில் எதிர்ப்பக்கம் திரும்பி முழங்கால்கள் இடிக்கும். ஏழு வயதுக்குள் பெரியவர்களின் கால்போல அமையும். இந்த வரிசையில் வரும் வளைவுக்கு ஆயாவின் வாக்கே மருந்து. இரண்டு வயதுக்கு மேல் வில் கூடிக்கொண்டே போனால், ஒரு கால் மட்டும் வளைந்தால், ஏழுக்குப் பிறகும் முழங்கால் இடித்தால், மணிக்கட்டு தடித்திருந்தால், பல்லும் நடையும் தாமதமானால் காட்ட வேண்டும். அது வைட்டமின் டி அல்லது கால்சியக் குறைவால் வரும் ரிக்கெட்ஸாக இருக்கலாம்.

வெயில் கொளுத்தும் நாட்டில் வைட்டமின் டி குறையுமா என்று கேட்பவர்களுக்கு, நம் கறுத்த தோல் அதைத் தயாரிக்க வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் வெயில் கேட்கிறது. பிள்ளைகளோ அடுக்குமாடிக்குள் வளர்கின்றன. தாய்ப்பாலில் எல்லாம் உண்டு, டி மட்டும் போதாது. ஒரு வயதுவரை தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள் இந்தியக் குழந்தை மருத்துவர்கள். கால்சியத்துக்கு எங்கள் ஊரில் கேழ்வரகுக் களி இருந்தது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். எங்கள் வீட்டில் இப்போது அது வாரத்துக்கு ஒருமுறை.

தட்டைப் பாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் வீண் செலவு அதிகம். சிறுபிள்ளையின் பாதத்தில் கொழுப்புத் திண்டு இருப்பதால் வளைவு தெரியாது, ஆறு வயது வாக்கில் எழும்பும். மணிப்பாலில் ராவும் பெஞ்சமின் ஜோசஃபும் 2,300 பள்ளிப் பிள்ளைகளின் பாதத்தைப் பார்த்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், செருப்பில்லாமல் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்துக்கும், செருப்பும் ஷூவும் போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்துக்கும் தட்டைப் பாதம் இருந்தது. முன்பக்கம் மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அதிகம். வலியில்லாத, நுனிக்காலில் நின்றால் வளைவு எழும்புகிற தட்டைப் பாதத்துக்கு ஷூவுக்குள் வைக்கும் விலையுயர்ந்த அட்டை வாங்க வேண்டாம். வீட்டுக்குள்ளும் மண்ணிலும் வெறுங்காலோடு விளையாட விடுங்கள்.

முழங்காலில் வலி, இடுப்பில் நோய்

பகலெல்லாம் ஓடி ஆடிவிட்டு, ராத்திரி படுத்ததும் இரண்டு காலும் வலிக்கிறது, அமுக்கிவிடு என்று அழும் பிள்ளை, காலையில் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து ஓடினால், அது பெரும்பாலும் வளரும் வயதுக் கால்வலி. மூன்றிலிருந்து பன்னிரண்டு வயதுவரை வந்து போகும். அமுக்கிவிடுங்கள், போதும். ஆனால் வலி ஒரே காலில், ஒரே இடத்தில் இருந்தாலோ, பகலிலும் நொண்டினாலோ, காய்ச்சல், எடை குறைவு, வீக்கம் சேர்ந்தாலோ அந்தப் பெயரைச் சொல்லி உட்கார்ந்திருக்கக் கூடாது. எலும்புக் கட்டியும் ரத்தப் புற்றும் சில பிள்ளைகளிடம் கால்வலியாகத்தான் முதலில் தலை காட்டுகின்றன.

நான்கு முதல் எட்டு வயதுப் பையன் வலியைப் பெரிதாகச் சொல்லாமல் நொண்டுகிறான் என்றால் இடுப்பைப் பார்க்க வேண்டும். தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் நின்று, அது நொறுங்கிப் பிறகு மறுபடி உருவாகும் பெர்த்தஸ் நோய் இருக்கலாம். 1910இல் மூன்று நாட்டு மருத்துவர்கள் தனித்தனியே எழுதிய நோய் இது. கர்நாடகத்தின் உடுப்பிக் கடற்கரைக் கிராமங்களில் இது அதிகம் என்று மணிப்பால் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பதின்வயதில் எடை கூடிய பிள்ளைக்கு முழங்கால் வலி என்றாலும் இடுப்பைத்தான் பார்க்க வேண்டும். குருத்துத் தட்டில் தலை சறுக்கி இறங்கியிருக்கலாம். இடுப்புக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்பு செய்தி எடுத்துப் போவதால், நோய் மேலே, வலி கீழே. முழங்காலை மட்டும் படம் எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்ட பிள்ளைகள் சில மாதங்களில் முற்றிலும் சறுக்கிய மூட்டோடு திரும்பி வருகிறார்கள்.

பச்சைக்குழந்தை ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருந்து, துணி மாற்றத் தொட்டால் வீறிட்டால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் அது மூட்டில் சீழாக இருக்கலாம். சீழ், குருத்தெலும்பை நாள் கணக்கில் கரைத்துவிடும். எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம் என்று ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போட முடியாத நோய் இது.

இளம்பிள்ளை வாதத்தைப் பற்றி இந்தக் கட்டுரையில் ஒரு பத்திதான். என் பள்ளியில் வகுப்புக்கு ஒருவராவது காலில் இரும்புக் கம்பியோடு வந்தார்கள். 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டதுதான் இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ. எலும்பு வார்டுகளில் அந்தப் பிள்ளைகள் படுத்திருந்த கட்டில்கள் காலியாயின.

அக்கா மகளுக்கு இப்போது பதினோரு வயது. ஷூ போட்ட நான்கு வருடமும் அவள் தூக்கத்தில் கால் உதறும்போதெல்லாம் கம்பி கட்டிலில் மோதி டக், டக் என்று கேட்குமாம். அக்கா அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டாள். டாக்டர் கழற்றச் சொன்ன முதல் நாள் ராத்திரி சத்தமே இல்லாமல் போக, திடுக்கிட்டு எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தாளாம். பிள்ளை இரண்டு பாதத்தையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். மறுமாதம் அந்தக் கம்பியைக் கழுவித் துடைத்துச் சேலத்துக்கு எடுத்துப் போய், வரிசையில் உட்கார்ந்திருந்த யாருக்காவது கொடுங்கள் என்று கொடுத்துவிட்டு வந்தாள்.